நாலு ஸ்க்ரூ, நாலு பொட்டு

கரண்ட் போனதும் ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் வீட்டுக்குள் இருந்ததே கல்பனாவுக்கு உறைக்கவில்லை. கையிலிருந்த டீ கேனைச் சாய்த்தபடியே கூடத்தை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி மூடிக்குக் கீழே நைனா, அவளுடைய அப்பா, அப்படியேதான் இருந்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் டீ பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்தது. காகிதக் கப்புகளை வரிசையாக வைத்து அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் சாமியானா. அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் திருப்பதியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தவர்கள். அவர்களை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர் ஹரிபாபு. அலிபிரி போகும் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். ஞாயிறானால் தடாவிலிருந்து அந்தக் கடைக்கு வரும் சிரஞ்சீவி அந்த ஒல்லிப் பையன்தான். புதிது எது வந்தாலும் அதுதான் உசத்தி என்பவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நைனா அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்து அவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். கல்பனா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

இன்றைக்கு அவர்களில் யாராவது உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல கல்பனா யாரும்மா?" என்று கேட்பார்கள் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தை அதற்காகவே ஒரு தடவை கழுவினாள். பிறகு அப்படிக் கழுவியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஜெனரேட்டர் வரட்டும்னு எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? உள்ள கம்ப்யூட்டர் யூபிஎஸ் கீதே, அதுல மாட்டுங்க" என்றது சிரஞ்சீவியின் குரல்.

"ஐஸ் பெட்டி அதுல தாங்குமாய்யா?" என்றார் மூன்றாமவர்.

"ஏன் தாங்காது? என் புது கிராபிக்ஸ் கார்டு இழுக்கறத விடவா இது இழுத்துடும்?"

"ஆரம்பிச்சிட்டான்யா. இங்கியும் வந்து புது கார்டா?"

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

"சும்மா இருங்கப்பா ரெண்டு பேரும். பவனக் கூப்பிடுங்க. பவன் சொல்லட்டும்." இது ஹரிபாபு.

மகன் என்பதால் கேட்கிறார்கள் என்று கல்பனா நினைத்தாள். சென்னையில் கம்பெனியில் இருக்கிறான், படித்தவன் என்பதால் கேட்கிறார்கள்.

பவன்குமார் சமையலறைக்குள் வந்தான். அவளைவிட இரண்டு வயது இளையவன். தாடி வளர்த்திருந்தான். ராத்திரி வந்ததிலிருந்து யாரிடமும் அதிகம் பேசவில்லை.

"அக்கா, யூபிஎஸ்ல ஐஸ் பெட்டிய மாட்டலாமா?"

"வேணான்டா. ஓடும்போது கம்மியாத்தான் இழுக்கும். ஸ்டார்ட் ஆவறப்போ கம்ப்ரசர் நாலஞ்சு மடங்கு இழுக்கும். யூபிஎஸ் கத்திட்டு ஆஃப் ஆயிடும். மூடியத் தொறக்காம வுட்டாலே போதும், ஜெனரேட்டர் வர்ற வரிக்கும் குளுரு நிக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஜன்னலுக்கு வெளியே அவள் சொன்னது அவன் வாயிலிருந்து வந்தது. நாலஞ்சு மடங்கு என்பதுகூட மாறவில்லை.

"பாத்தியா சிரஞ்சீவி? வாயத் தொறந்தா சரக்கு" என்றார் ஹரிபாபு. "உங்க நைனாகிட்ட சொல்லிக்கினே இருப்பேன் பாபு. அண்ணா, உங்க பையன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்னு."

கப் நிறைந்து டீ மேடையில் வழிந்தது.

அந்த வார்த்தைகள் கல்பனாவுக்கு மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பஸ் இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "ஹரிபாபு இன்னா சொன்னான் தெரியுமாடி? அண்ணா, உங்க பொண்ணு கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்னான்." அன்று பாத்திரம் கழுவும்போது தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா போன பிறகும் திரும்பப் போகவில்லை. நைனா மாங்கூழ் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஆசைக்குப் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து பிரித்துப்போடுவார். மாட்டத் தெரியாது. கண்ணும் மங்கிவிட்டது, கடுகளவு பாகங்கள் அவருக்குத் தெரிவதில்லை. கல்பனா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு போனில் வீடியோ பார்த்தாள். பிறகு மீட்டர் வைத்து, எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று தேடக் கற்றுக்கொண்டாள். ஹரிபாபு கடைக் கூட்டத்தில் யாருடைய கிராபிக்ஸ் கார்டு படுத்தாலும் நைனாவின் கட்டைப்பையில் ஏறி சித்தூருக்கு, இந்த வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு பிழைத்துத் திரும்பிப் போனது.

"என்னியும் ஒரு நாள் இட்டுக்கினு போ நைனா."

"போலாம் போலாம். அங்க ஆம்பளைங்களா ஒக்காந்துனு கத்திக்கினு இருப்பானுங்க. ஒனக்கு ஒக்கார எடம் இருக்காது. அடுத்த வாரம் பாக்கலாம்."

ஒருமுறை அவள் சரிசெய்த கார்டை யாரோ பிரித்துக் கெடுத்துவிட்டு, பழி இவள்மேல் வந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் நாலு ஸ்க்ரூவின் தலையிலும் மெரூன் நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்து அனுப்பினாள். பொட்டு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரஷ்ஷில் மிஞ்சியதை இடது கட்டைவிரல் நகத்தில் துடைப்பாள். அந்த ஒரு நகம் எப்போதும் சிவந்தே இருக்கும். நைனா திரும்பி வந்து சொன்னார், "அதுக்கு இன்னா பேர் வெச்சிருக்கானுங்க தெரியுமா? கல்பனா பொட்டு. கல்பனா பொட்டு இருந்தா தெகிரியமா வாங்கலாமாம்."

கல்பனா துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். சாமியானாவில் ஹரிபாபு பையிலிருந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது.

"இந்தா பாபு. உங்க நைனா கொடுத்து வெச்ச கார்டு. ஆறு மாசம் தாங்காதுன்னான் இந்தச் சிரஞ்சீவி. வருஷக்கணக்கா என் கடையில ராவும் பகலும் ஓடிக்கினு கீது. நேத்து சேதி வந்தப்புறம்தான் கழட்டினேன். செத்தவரு பொருளு நான் வெச்சுக்கினு இருக்கக் கூடாது. பாரு, பவன் பொட்டு நாலும் அப்படியே கீது."

பவன் பொட்டு.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தம்பி கார்டைக் கையில் வாங்கினான். ஒரு கணம் அவன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்தது. இப்போது சொல்வான் என்று அவள் நினைத்தாள்.

"ஆமாண்ணா" என்றான் பவன்குமார். "அப்டியே கீது."

டீத் தட்டை அவளே எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. சிரஞ்சீவி கப்பை எடுத்தான். ஹரிபாபு எடுக்கப்போனவர், தட்டின் ஓரத்தில் இருந்த அவள் இடது கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரு?"

"அக்கா" என்றான் பவன்குமார். "வீட்டப் பாத்துக்குது."

ஹரிபாபு இன்னும் எதையோ கேட்பது போல வாயைத் திறந்தார். பிறகு கப்பை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இரும்மா" என்றார்.

தட்டில் கப்புகள் தீர்ந்ததும் உள்ளே வந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான். கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறையில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்கள்.

"ஒனக்கு எப்பத்துலேந்துடா தெரியும்?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"காலேஜ்ல இருக்கறப்பவே. யாராச்சும் கேட்டா ஆமான்னு சொல்லுடான்னாரு. ஒரு தடவ போன்லகூடப் பேச வெச்சாரு. வயசுக்கு வந்த பொண்ணு பேரு பத்து ஆம்பளைங்க வாயில வந்தா நல்லாவா இருக்கும்? அதான் அப்டி சொல்லியிருக்காரு."

"என்கிட்ட கல்பனா பொட்டுன்னு சொன்னாருடா."

பவன்குமார் தரையைப் பார்த்தான். மேஜைக்குக் கீழே யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"ஒன் சந்தோசத்துக்குச் சொல்லியிருப்பாரு" என்றான். "அத இன்னிக்கிப் போயி பேசிக்கினு... அவுரு போயிட்டாருக்கா."

கல்பனா குனிந்து யூபிஎஸ்ஸை அணைத்தாள். சத்தம் நின்றது.

மத்தியானம் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஜெனரேட்டர் வரவே இல்லை. பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். நைனாவின் அக்கா பாப்பாத்திதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெற்றிலை வைத்தார்கள். யாரோ ஒரு கட்டு பீடி வைத்தார்கள்.

"அவனுக்கு இஷ்டமானது இன்னா இருந்தாலும் கூட வெச்சி அனுப்புங்கடா. குழியில வெச்சிட்டா ஏக்கம் இருக்காது" என்றாள் பாப்பாத்தி. "அந்த டப்பா டப்பாவா கழட்டிக்கினு இருப்பானே, அதுல ஒண்ணு இல்லியா?"

பவன்குமார் உள்ளே போய் அந்தக் கார்டை எடுத்துவந்தான்.

சிரஞ்சீவிக்குத் தாங்கவில்லை. "அண்ணா, ஓடற கார்டுண்ணா அது. இப்ப விக்கிற வெலக்கி ஓடற கார்டப் போயி மண்ணுல..."

"அன்னிக்கி ஆறு மாசம் தாங்காதுன்ன."

"அது அன்னிக்கி சொன்னதுண்ணா."

"செத்ததைக் கொடுத்து அனுப்பினா அவரு மேல போயி என்னத் திட்டுவாரு" என்றார் ஹரிபாபு. "ஓடறதுதான் போவணும். வை பாபு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே அழுதார்கள். பவன்குமார் நைனாவின் வலது கையை நகர்த்தி, அதற்கும் இடுப்புக்கும் நடுவில் கார்டை வைத்தான். கார்டின் முதுகுப் பக்கம் மேலே தெரிந்தது. பச்சைப் பலகையின் நடுவில் நாலு ஸ்க்ரூ, நாலு மெரூன் பொட்டு.

அந்தக் கார்டு வந்த நாள் கல்பனாவுக்கு நினைவிருந்தது. மழை. கட்டைப்பை நனைந்துவிடாமல் நைனா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் மானிட்டரில் படம் வந்தபோது நைனா, "ஏய், ஏய்" என்று மட்டும் சொன்னார். அவள் தலையைப் பிடித்து ஆட்டினார்.

அதுவும் பொய்யாக இருக்குமா என்று யோசித்தாள். தெரியவில்லை.

"பொம்பளைங்க வாய்க்கரிசி போடுங்கம்மா. மேளம் வந்துடுச்சு. பொண்ணு மொதல்ல வா."

பாப்பாத்தி முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அவள் கையில் திணித்தாள். திணிக்கும்போது நகத்தைப் பார்த்துவிட்டாள். "நைனா செத்துக் கெடக்கறான், கையில இன்னாடி கலரு? கழுவக் கூடாதா?"

"கழுவினா போவாது அத்த."

அவள் பாடை அருகில் மண்டியிட்டாள். பின்னால் பறை ஒரே மூச்சாக எழுந்தது. மூடிய உதடுகளின் மேல் அரிசியைப் போட்டாள். பாதி கன்னத்தில் உருண்டு கழுத்துக்குள் போனது. மறுபடி போட்டாள். பிறகு அவர்மேல் கவிழ்ந்தாள். அவள் காலையிலிருந்து வாய்விட்டு அழவில்லை என்பதால், இப்போதாவது அழட்டும் என்று பெண்கள் விட்டுவிட்டார்கள்.

வேட்டி மடிப்பை ஒட்டி அவள் கை கார்டைத் தேடிப் பிடித்தது. நகத்தை முதல் ஸ்க்ரூவின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். பொட்டு ஒரு செதிலாகப் பெயர்ந்து வந்தது. இரண்டாவது உடனே வந்தது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் சுரண்ட வேண்டியிருந்தது. நைனாவின் கை அவள் மணிக்கட்டின் மேல் கிடந்தது. குளிர்ந்து, கனமாக இருந்தது. அவளைத் தடுப்பது போலவும் இல்லை, விடுவது போலவும் இல்லை.

நான்காவதில் நகத்தை வைத்தாள்.

வைத்தபடியே இருந்தாள்.

"போதும் எழுந்துருடி, நேரமாவுது" என்று பாப்பாத்தி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். நாலு பேர் குனிந்து பாடையைத் தூக்கினார்கள். புதைப்பதானாலும் வழக்கப்படி பவன்குமார் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். ஹரிபாபுவும் சிரஞ்சீவியும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார்கள்.

தண்ணி டேங்க் முனைவரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே எல்லோரும் நின்றார்கள். சாமந்திப் பூ உதிர்ந்து கிடந்த தார் ரோட்டில் பறைச் சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. பாடை திரும்பும்போது வெயில் எதன்மேலோ பட்டு ஒரு கணம் மின்னியது.

பாப்பாத்தி டேங்க் குழாயைத் திறந்துவிட்டாள். "கையக் கழுவிக்கினு வா, வூட்டக் கழுவணும்."

கல்பனா குழாயடியில் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த அரிசி முதலில் போனது. நக இடுக்கில் இருந்த சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் அவற்றை உடனே கொண்டுபோகவில்லை. சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தன.