யார் எடுத்த அளவு

எங்கள் கண்ணாடிக் கடையில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் வாயால் சொல்லி அனுப்பிய அளவுக்கு நான் கண்ணாடி வெட்டமாட்டேன். "மூணடிக்கு ரெண்டடி, எங்க அண்ணன் சொன்னாரு" என்று யாராவது வந்து நின்றால், "ஜன்னலை நீங்க அளந்தீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். கால் அங்குலம் கூடினாலும் ஜன்னல் சட்டத்துக்குள் போகாது, வெட்டியதை ஒட்டவும் முடியாது. "உன் வாய்க்கே பாதி வியாபாரம் போகுது" என்பார் என் கணவர். போகட்டுமே!

அப்படிப்பட்ட என் நெஞ்சையே அடுத்தவர் சொன்ன அளவுக்கு வெட்டப் பார்த்தார்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு கண்ணாடியைத் தூக்கி மேசையில் போடுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, தள்ளிப்போட்டால் ஆபத்து, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். சரி, மாற்றுங்கள் என்றேன். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். "மெக்கானிக்கல் வால்வு வைக்கிறோம்மா. தேயாது, ஆயுசுக்கும் உழைக்கும். ரத்தம் உறையாம இருக்க தினமும் ஒரு மாத்திரை, அப்பப்ப ரத்தப் பரிசோதனை. உங்களுக்கு உக்காந்த வேலைதானே, அதனால கவலையில்ல."

"யாருக்கு உக்காந்த வேலை?"

"நீங்க கடையில பில் போடுறீங்கன்னு உங்க வீட்டுக்காரர்தான்..."

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் மின்விசிறியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல் அண்ணாந்து நின்றார்.

இரண்டு கைகளையும் டாக்டரம்மாவின் முன்னால் நீட்டினேன். இருபத்தாறு வருஷத் தழும்புகள், போன வாரத்துக் காயத்தில் ஒரு பிளாஸ்திரி. அவர் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த மாத்திரை சாப்பிட்டா சின்னக் காயம்கூட லேசுல நிக்காதும்மா. வேற வால்வும் இருக்கு, மாட்டோட திசுல செஞ்சது. மொதல் மூணு மாசம்தான் அந்த மாத்திரை. ஆனா அது தேயும். பத்து வருஷமோ பதினஞ்சோ, உங்க வயசுக்கு இன்னும் சீக்கிரமாவும் ஆகலாம். அப்ப மறுபடியும் மாத்தணும். ஒருதடவை திறந்த நெஞ்சைத் திரும்பத் திறக்கிறது இன்னும் கஷ்டம். ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. யோசிச்சு நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தெரியாததா? கண்ணாடியைக் கீறும் கட்டரை ஒரு கோட்டில் ஒரே ஒரு தடவைதான் ஓட்டவேண்டும். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் கண்ணாடி எங்கே உடையும் என்று யாராலும் சொல்லமுடியாது.

டாக்டரம்மா வெளியே போனதும் ஆரம்பித்தேன். "ஏங்க, பில் போடுறது நீங்க! உங்க வேலையை என் வேலைன்னு சொல்லி வால்வு வாங்கியிருக்கீங்களே, அதை உங்க நெஞ்சுலயே வச்சுக்கோங்க!"

"கத்தாதே, மூச்சு வாங்கும். கண்ணாடி வெட்டாட்டி இப்ப என்ன கொள்ளை போச்சு? நான் வெட்டறேன்."

"நீங்களா? உங்களுக்கு ரொட்டியே நேரா வெட்ட வராது."

அவர் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது தடவையும் உன்னை உள்ள அனுப்பிட்டு வெளிய உக்கார என்னால முடியாதுடி. அதான் சொன்னேன்."

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் இறங்க விடவில்லை. "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லணும். டாக்டர்கிட்ட பொய் சொல்லக்கூடாது. எனக்கும் பயம்தான். ஆனா கையைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் உக்காந்திருக்க என்னால முடியாது. வெட்டிக்கிட்டே பத்து வருஷம் இருக்கேன். அப்புறம் திறக்கணும்னா திறக்கட்டும். நீங்க வெளிய உக்காரவேண்டாம், வீட்டுல படுத்துத் தூங்குங்க."

திசு வால்வு என்று எழுதச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆபரேஷன் அறை வாசல்வரை என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வெளியே எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் பிறகு சொன்னாள்.

மூன்று மாதத்தில் அந்த மாத்திரை நின்றது. ஐந்தாவது மாதம் சின்னக் கண்ணாடிகளை வெட்டலாம் என்றார்கள். மேசைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே ஒரு முனை கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. என் கணவர் பில் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். துணியை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.

"விடுங்க, வாசல்ல ஆள் நிக்கிறாரு."

"சும்மா இரு."

கொஞ்ச நேரம் கழித்துத் துணியை மெதுவாக எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. விரலை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

வாசலில் நின்றவர் பொறுமையிழந்து உள்ளே வந்தார். "ரெண்டடிக்கு ஒண்ணரை அடி ஒரு கண்ணாடி வேணும். வீட்டுல சொல்லி அனுப்பினாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், என் விரலை விடாமலே என் கணவர் கேட்டார்: "நீங்க அளந்தீங்களா?"