கரை வைத்த படம்

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. 2008-இல் என் தங்கையின் பழைய கல்யாண கேசட்டை எடுத்துக்கொண்டு, ஆரணியில் கேசட்டை சீடியாக மாற்றித் தரும் ஒரு கடைக்குப் போனேன். திரும்பும்போது பையில் சீடியும் மண்டையில் இந்தக் கதையும் இருந்தன. கடைக்காரி ஹேமலதா கதைக்குக் காசு வாங்கவில்லை, நிபந்தனை மட்டும் போட்டாள்.

“எழுதிக்கோங்க சார். ஆனா என்னை ஒல்லியாக்கிடாதீங்க.”

தலையாட்டிவிட்டு வந்து, இப்படித் தொடங்கினேன்:

‘கொடி போன்ற அந்தப் பெண் கணினித் திரையின் முன்னால்...’

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே கை எங்கே போகிறது பாருங்கள்.)

‘சற்றே பூசினாற்போல இருந்த ஹேமலதா...’

(மழுப்பல். இதுவும் வேண்டாம்.)

ஹேமலதா குண்டு. வயது முப்பது. அப்பாவுக்குப் பட்டுத் தறி, இவளுக்குச் சொந்தக் கடை. கதை இங்கே தொடங்குகிறது.

2

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் எடுத்த கல்யாண கேசட்டுகளில் படம் நாலு பங்கு அகலம், மூணு பங்கு உயரம். புதிதாக வந்த டிவிகளோ பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அதில் அப்படியே போட்டால் டிவி இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும், மணப்பெண் உப்பிப்போவாள். இழுக்காமல் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும், மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை போய்விடும். ஒழுங்கான வழி ஒன்றுதான். படத்தை அதன் அளவிலேயே நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விட வேண்டும்.

(நம்மைப் போன்றவர்கள் ரெசல்யூஷனையும் கூட்டச் சொல்வோம், படப்புள்ளிகளை 1080 வையுங்கள் என்போம். கேசட்டில் இல்லாத ஜரிகை எண்ணைக் கூட்டினால் வந்துவிடாது. நானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. “கல்யாணப் படத்துல ரெண்டு பக்கமும் கறுப்பா? வாயில நல்லா வருது எனக்கு” என்று ஒரு அம்மாள் சீடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாராம்.

ஹேமலதா அன்றே அந்தக் கறுப்பை அரக்காக்கினாள். ஓரமாக ஒரு தங்கக் கோடு இழுத்தாள். பட்டுப் புடவைக்கு இரண்டு பக்கமும் கரை இருப்பதுபோல இப்போது படத்துக்கும் இருந்தது. அதே அம்மாள் வந்து, “எனக்கு மயில்கழுத்துக் கலர்ல கரை வெச்சிக் குடு” என்றார். அப்புறம் கடையில் நிற்க இடமில்லை.

அளவு சரிபார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஆரணிக் கல்யாணத்தில் கட்டம் போட்ட பட்டு கட்டிய ஒருத்தியாவது வராமல் இருக்க மாட்டாள். படத்தை அங்கே நிறுத்தித் திரையில் டேப் வைத்து அளப்பாள். தறியில் சதுரமாக நெய்த கட்டம் திரையிலும் சதுரமாக இருந்தால் சரி.

3

ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்துப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள், “போட்டோல வேற மாதிரி இருந்துச்சே” என்று பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. நாலாவது போளூர் மாப்பிள்ளை ஜெயவேல். இந்த முறை போட்டோ வேண்டாம், உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்தை இரு வீட்டாரும் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஹேமலதா அவள் சித்தி மகள் கல்யாணத்தில் சந்தனம் கொடுக்கும் காட்சியைத் தேர்ந்தெடுத்தாள்.

அவள் அம்மா பூங்காவனம் கடைக்கே வந்துவிட்டாள்.

“ஊரு படத்தையெல்லாம் இழுக்கற, கொறைக்கற. உன்னைக் கொஞ்சம் ஒடுக்கிக்கினா இன்னாடி? யாருக்குத் தெரியப் போவுது?”

“நேர்ல வந்தா தெரியும்மா.”

“வரவாவது வரட்டுமே!”

அந்தக் குரலில் இருந்த அழுகை அவளை அசைத்துவிட்டது.

4

இங்கே எனக்கு என் கதாநாயகி மேல் சந்தேகம் வந்தது. அவள் ஒடுக்கிப் பார்த்தாளா? அவளை இலட்சியப் பெண்ணாக நிறுத்தி எழுதினேன்: ‘அவள் விரல்கள் அகலத்தின் எண்ணைத் தொட மறுத்து...’

(நிறுத்திவிட்டு அவளையே கேட்டேன்.)

“ஒடுக்கினேன் சார். நல்லாத்தான் இருந்தேன். அதான் பேஜாரு.”

“அப்புறம்?”

“நான் கட்டியிருந்ததே கட்டம் போட்ட பட்டு. எங்கப்பா நெய்தது. கட்டமெல்லாம் நெட்டையா நிக்குது. அது நானுமில்ல, எங்கப்பா புடவையுமில்ல. கோவம் வந்துடுச்சி சார். இதப் பாத்துட்டு வர்றவரு இந்த சீடியத்தான் கட்டிக்கணும்.”

அழித்தாள். உள்ள அகலத்திலேயே மாற்றி, அரக்குக் கரை வைத்து அனுப்பினாள்.

5

ஜெயவேலின் அம்மா உண்ணாமலை வாசற்படி தாண்டியதும் நின்றார். பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சீடில பாத்தாப்பலயே இருக்கியேம்மா!” என்றார் உண்ணாமலை.

எனக்கு இந்த வரியை எழுதும்போது விசிலடிக்கத் தோன்றியது. அடித்தேன், என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பின்னாலேயே ஜெயவேல் வந்தான். அவனுடைய சீடியில் அவன் அண்ணிக்குப் பக்கத்தில் நெடுநெடுவென்று நின்றிருந்தான். நேரில் பூங்காவனத்தின் காதளவுதான் இருந்தான். பூங்காவனம் வாயைத் திறந்தாள். ஹேமலதா அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அண்ணி கட்டியிருந்த கட்டப் புடவையை அவள் ஒரு வாரம் முன்பே அளந்துவிட்டாள், கட்டமெல்லாம் நெட்டை.

6

மறுநாள் ஜெயவேல் மூல கேசட்டோடு கடைக்கு வந்தான்.

“எங்க மாமாதான் படத்த நெட்டையா இழுத்துட்டாரு. எனக்கு ராத்திரி முழுக்க தூக்கமில்லீங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வரச் சொன்னீங்க?”

“கட்டம் பொய்யின்னு மட்டும்தான் தெரிஞ்சிது. ஆளு எப்படின்னு நேர்ல பாக்கணும்ல.”

“சரியான அளவுல மாத்திக் குடுங்க. அதத்தான் எங்க வீட்டுல வெக்கணும்.”

முடிவு ஒன்று எழுதினேன்: மேளம், மாலை, அவர்கள் கல்யாண வீடியோவுக்கும் கரை. சர்க்கரை அதிகம். இன்னொன்று எழுதினேன்: பொய் சீடி அனுப்பியவனை அவள் அனுப்பிவிடுகிறாள். அது எனக்கு வந்த கோபம், அவளுடையது இல்லை. இரண்டையும் கிழித்தேன். அவள் சொன்னதை மட்டும் வைக்கிறேன்.

படம் ஓடியது. ஜெயவேல் தன் உயரத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். ஹேமலதா நாற்காலியை அவன் பக்கம் திருப்பி முழுசாக உட்கார்ந்தாள்.

“நாலு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. எல்லாரும் என்னைப் புடிச்சிருக்கா புடிக்கலையான்னு சொன்னாங்க. எனக்குப் புடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல.”

ஜெயவேல் எழுந்து நின்றான். கேட்டான்.

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அவள் அவசரப்படவில்லை. அவனைக் காக்க வைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளரிடம் என்ன கலரில் கரை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.