பிய்ந்த இடம்

சால்டரிங் அயர்னின் பிளக்கை ராமக்காள் பிடுங்கி எறிந்தாள். அது ஐஸ் பெட்டியின் காலில் பட்டு உருண்டது.

“கேத வீடுன்னு அடுப்பே பத்த வைக்கல. இவ நெருப்பக் கொண்டாந்து எங்கண்ணன் தலமாட்டுல வைக்கிறா.”

“பிளக்கு இங்கதான இருக்கு அத்தே. நெருப்பு இல்ல, கரண்டுதான்.”

“சுடும்ல?”

தமிழ்வாணி அயர்னின் முனையைப் பார்த்தாள். சுடும்.

பெட்டிக்குள் அப்பா மலைச்சாமி கிடந்தார். நாடியை இறுக்கிக் கட்டியிருந்ததில், செத்த பிறகும் யார் மேலோ பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

துபாயில் இருக்கும் அண்ணன் சிவபாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. அய்யா முகத்தை நேரில் பார்ப்பதுபோல் போனில் பார்க்க வேண்டும், அதுவரை தூக்கக் கூடாது என்று, சாலை வரை போய்ப் போன் பேசியவர்களிடம் சொல்லிவிட்டான். கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த ஊரில், பாறை மறைத்து போனில் சிக்னல் வராது. வீட்டுக்கு நெட் வந்ததே தமிழ்வாணி மாடியில் வைத்த பெட்டியால்தான். நாலுவழிச் சாலை நெட் சென்டரில் அவள் வைத்திருந்த இன்னொரு பெட்டியிலிருந்து அது காற்றில் பிடித்துக் கொடுக்கும். இரண்டுக்குள்ளும் மதுரைக் காயலான் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய போர்டுகள். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவளுக்கு அதுதான் தொழில். பழைய வைஃபை போர்டுகளில் ஆன்டெனா வயர் மாட்டும் கனெக்டர் பிய்ந்துபோயிருக்கும். குருணை அரிசி அளவு பித்தளை வட்டம். அதைப் புதிதாக வைத்து விற்பாள்.

போன வாரம் பெண் பார்க்க வந்தவர்கள் மூலையில் கிடந்த குவியலைப் பார்த்தார்கள். “இதெல்லாம் பொண்ணு பொறுக்குனதா?” என்று கேட்டுவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்தார்கள். அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் மலைச்சாமி மாடி ஏறிவிட்டார். பெட்டியைத் திறந்து ஆன்டெனா வயரைப் பிடித்து இழுத்தார். கனெக்டர், அடியில் இருந்த செம்பையும் உரித்துக்கொண்டு வந்து எங்கோ தெறித்தது.

“அடுத்தவன் வயக்காட்டுல நாங்க குனிஞ்சது போதும்னுதான உன்னயப் படிக்க வச்சேன்? நீ குப்பையில குனியிற.”

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை.

“அந்த வேக்காட்டுலதான் எங்கண்ணனுக்கு நெஞ்சு வெடிச்சுச்சு,” ராமக்காள் வந்திருந்த பெண்களிடம் சொன்னாள். “கொன்னுபுட்டு இப்ப ஒட்ட வைக்கிறாளாம்.”

தமிழ்வாணி மடியில் இருந்த போர்டைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மையும்கூட. புதுக் கனெக்டர் உட்கார இடமே இல்லை. அண்ணன் பார்க்காமலே போகட்டும். ‘அந்தக் கருமாந்திரத்த வித்துத் தொலைக்கச் சொல்லுங்க’ என்று மாதாமாதம் அங்கிருந்து சொன்னவன்தானே.

ஐஸ் பெட்டியின் மறுபக்கம் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல், கால் விரலால் பிளக்கைத் தமிழ்வாணி பக்கம் தள்ளினாள்.

ராமக்காள் பார்த்துக்கொண்டிருக்க, தமிழ்வாணி அதை எடுத்துச் சொருகினாள்.

கனெக்டர் இருந்த இடத்துக்குப் பின்னால், தலைமுடி போல் ஓடிய செம்புக் கோட்டின் மேலிருந்த பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டினாள். வயரின் நடுக்கம்பியை நேரே அதன் மேல் வைத்து, உருகிய ஈயத்தால் ஒட்டினாள். ஊதுபத்திப் புகையோடு ஈயப் புகையும் கலந்தது. யாரோ இருமினார்கள். மாடிக்குக் கொண்டுபோய் மாட்டி, வயர் அசையாமல் இருக்கப் பசை வைத்தாள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. காற்று அடித்ததும் வயர் ஆடியது, விளக்கு அணைந்தது. விரலால் அழுத்தினாள். எரிந்தது.

கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “அத்தே, பசை காயிற வரைக்கும் யாராச்சும் இதப் பிடிக்கணும். ஆடுனா பிஞ்சுரும்.”

“நீயே பிடி. கீழ வந்து என்ன கிழிக்கப் போற?”

“வாய்க்கரிசி போடணும்ல?”

“கூப்புடுறேன்.”

பெண்கள் வாய்க்கரிசி போடுவது வாசலோடு சரி. சுடுகாட்டுக்குப் போவதில்லை.

அப்பாவைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தினார்கள். ராமக்காளின் மகன் வீரணன் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். “மாப்ள, தெரியுதா?”

“தெரியுதுடா. அய்யா… அய்யா…” அண்ணனின் அழுகை மாடி வரைக்கும் கேட்டது. பிறகு, “அவ எங்கடா? அந்தக் கொலகாரி பக்கத்துல நிக்கக் கூடாது.”

“மேல இருக்கா,” ராமக்காளின் குரல். “நீ அய்யாவ நல்லாப் பாத்துக்கய்யா.”

விரலை எடுத்தால் போதும். அவன் குரல் நின்றுவிடும். ஓடிப்போய் ஒரு பிடி அரிசி அள்ளலாம். தமிழ்வாணியின் விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“பொம்பளைக எல்லாம் போட்டாச்சா? யாரும் விட்டுப்போச்சா?” கீழே ஒரு பெரியவர் கேட்டார்.

“நான் போடல,” என்றாள் அவள். கொட்டுச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

“தூக்குங்கப்பா.”

பாடைத் தேர் பாறைப் பக்கம் திரும்பும்வரை அவள் நகரவில்லை. பிறகு விரலை மெதுவாக எடுத்தாள். பசை காய்ந்திருந்தது. கீழே போன் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது. விளக்கு மட்டும் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எழுந்தபோது சுவரோரம் ஏதோ மினுங்கியது. பிய்ந்து தெறித்த கனெக்டர். செம்பு இன்னும் ஒட்டியிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

கீழே யாரோ குடம் குடமாக ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். வாசலில் சிந்திக் கிடந்த அரிசி தண்ணீரோடு தெருவில் இறங்கியது.