ஐந்தாம் நாள் பயிற்சி

மை தடவிய பெருவிரலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள் அன்னம்மாள். மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருந்த பெண் பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் நின்ற தம்பி பிரேம்நாத் அக்காவின் முழங்கையைப் பிடித்தான்.

"வுடுக்கா. நான் கையெழுத்துப் போட்றேன்."

"மூத்தவ நானு. நான்தான் வெப்பேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். உள்ளே வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தவள் மெர்சி, அவர்கள் இருவருக்கும் இளையவள். படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவள் வேலை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை முழுக்க அவளிடம் பயின்றவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவளின் உடலை வாங்கிக்கொள்ளக் கூடப்பிறந்தவள் கைநாட்டு வைப்பதா என்று பிரேம்நாத்துக்குக் கூச்சம். அன்னம்மாள் விரலை அழுத்தி, உருட்டி எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே போய் ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

வேலூரிலிருந்து ஆம்பூர் வரும்வரை பிரேம்நாத் போனில் பேசிக்கொண்டு வந்தான். சவப்பெட்டிக்குச் சொன்னான், பாஸ்டருக்குச் சொன்னான், பெங்களூரில் இருந்த மனைவிக்குச் சொன்னான். நடுவில் அக்காவின் பக்கம் திரும்பி, மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னான். தோல் தொழிற்சாலைகளின் வாடை ஜன்னல் வழியே ஏறியபோது, ஊர் வந்துவிட்டது என்று அன்னம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டின் முன்னறைதான் மெர்சியின் பயிற்சி இடம். சுவரில் கரும்பலகை, அதைச் சுற்றிலும் படங்கள் ஒட்டிய அட்டைகள். ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சாமான்களை ஒதுக்கி, சுவர் அட்டைகளையும் கிழிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாசற்படி ஏறும்போதே அன்னம்மாள் பார்த்துவிட்டாள்.

"செவுத்துல கைய வெக்காதீங்க. தரையில இருக்கிறத மட்டும் எடுங்க."

கரும்பலகையில் நேற்று எழுதியது அப்படியே இருந்தது. நேற்று, ஐந்து நாள் பயிற்சியின் நான்காம் நாள். டயாலிசிஸ் முடித்து வந்து ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெர்சி வகுப்பு எடுத்தாள். பயிற்சிக்கு வந்திருந்த படித்த பிள்ளைகளை இடது கையில் சாக்பீஸைப் பிடித்து அவரவர் பெயரை எழுதச் சொன்னாள். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. எல்லோரும் வெட்கத்தோடு சிரித்தார்கள். "அறுபது வயசுல ஒரு அம்மா பேனா புடிக்கிறப்ப இப்பிடித்தான் இருக்கும். அப்ப நீங்க சிரிக்கக் கூடாது" என்றாள் மெர்சி. விடியற்காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. வேலூர் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்னும் ஒரு நாள் பாக்கி. ஐந்தாம் நாள் அன்னம்மாளின் நாள்.

மெர்சியிடம் பயின்ற எல்லோருக்கும் அது தெரியும். முதல் நாளே அவள் அந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். அக்கா ஷூ கம்பெனியில் பசை தடவிச் சம்பாதித்த காசில்தான் அவள் ஆசிரியர் பயிற்சி படித்தாள். படித்து முடித்து வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எழுத்துச் சொல்லித்தர உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம், அணில் படம். அக்கா அடுத்த பக்கத்து எழுத்தையும் 'அ' என்றே சொன்னாள். கூட வந்திருந்த தோழியைப் பார்த்து மெர்சி சிரித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும் அக்கா என்றாள். அன்னம்மாள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. மெர்சி கெஞ்சினாள், அழுதாள், ஒரு தடவை காலில்கூட விழுந்தாள். அன்னம்மாள் அசையவில்லை.

"நான் தோத்த எடம் சமையக்கட்டுல உக்காந்திருக்குது" என்று மெர்சி பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொல்வாள். "அஞ்சாவது நாளு ஒவ்வொருத்தரா அவங்க முன்னாடி போய் உக்காருங்க. எழுத்து சொல்லித் தர வேணாம். படிக்க மாட்டேன்னு சொல்ற ஆளுகிட்ட எப்பிடி உக்கார்றதுன்னு மட்டும் கத்துக்கினு வாங்க."

சமையலறையில் வெங்காயம் உரித்தபடி ஒவ்வொரு முறையும் அன்னம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அவள் படித்துவிட்டால் மெர்சிக்கு ஐந்தாம் நாள் இல்லாமல் போய்விடும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மெர்சி கேட்டதும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் பயிற்சிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கல்லூரி முடித்த ஜாஸ்மின் வந்தாள். பீடி சுற்றும் பெண்களுக்கு வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருந்த ரஃபத் ஜஹான், மேல்விஷாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். எழுத்தறிவுத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் முனிரத்தினம் பெரிய மாலையோடு வந்தார். நல்ல மனிதர். மாலையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே பந்தலில் பிள்ளைகளைக் கூட்டி, யாரும் கவலைப்பட வேண்டாம், நான்கு நாள் வந்ததே போதும், சான்றிதழ் கொடுத்துவிடலாம், இனி வரும் பயிற்சிகள் போனில் வீடியோவாக வரும் என்று மெல்லிய குரலில் சொன்னார். ரஃபத் ஜஹான் மட்டும் கேட்டாள், வர மாட்டேன் என்கிறவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லையே சார் என்று. அதுவும் வீடியோவில் வரும் என்றார் அவர்.

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த அன்னம்மாளுக்கு எல்லாம் கேட்டது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. தங்கையின் காலடியில் சரிந்திருந்த போர்வையை இழுத்து விட்டாள்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆயிற்று. ஷூ கம்பெனிப் பெண்கள் பாதிச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். அன்னம்மாள் ஒரு பிடி மண் போட்டாள். பிரேம்நாத் அழுதான். அவள் அவன் முதுகில் கையை வைத்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பிக் கை கால் கழுவியதும், பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஆட்கள் காபிக்காக உட்கார்ந்தார்கள். முனிரத்தினம் விடைபெற வந்து கைகூப்பினார். பயிற்சிப் பிள்ளைகள் அவர் பின்னால் நின்றார்கள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அன்னம்மாள். "அஞ்சாவது நாளு இன்னும் நடக்கலியே."

அவர் இன்றைக்கா என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றாள். அறையைக் கழுவிவிட்டாயிற்று, பாய் போட வேண்டியதுதான் பாக்கி என்றாள்.

பிரேம்நாத் அவசரமாக எழுந்து வந்து அவளை ஓரமாக இழுத்தான்.

"இன்னாக்கா இது? மண்ணு காயல. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே. சொல்றத எழுதி வெச்சிக்கினு போவட்டும்."

"பாஸ்டர் உக்காந்திருக்காரு."

"அவரும் வந்து பாக்கட்டும். வேணாம்னா சொன்னேன்?"

அவள் உள்ளே போய்ப் பாயை விரித்தாள். கரும்பலகைக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை மடக்கி உட்கார்ந்தாள். அது அவளுடைய வழக்கமான இடம். நேற்று அதே இடத்தில்தான் பெட்டி இருந்தது. அறைக்குள் இன்னும் ரோஜா வாடை. பயிற்சிப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஜாஸ்மின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

ஜாஸ்மின் தயார் செய்துகொண்டு வந்தவள். படித்தால் பஸ் போர்டு படிக்கலாம் என்றாள். இத்தனை வருஷம் காட்பாடிக்கும் சோளிங்கருக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றாள் அன்னம்மாள். படித்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்றாள் ஜாஸ்மின்.

"என்ன ஏமாத்துனவன் பூரா படிச்சவன்தான். அவன வுட்டுட்டு என்ன எதுக்குத் திருத்த வந்த?"

வெளியே யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஜாஸ்மின் முகம் சிவந்து எழுந்தாள். அடுத்து வந்தவன் பென்சிலை அவள் கையில் திணிக்கப் பார்த்தான். அது பாயில் உருண்டது. அதற்கு அடுத்தவள் "பாவம் அக்கா நீங்க" என்று ஆரம்பித்தாள். அன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். வாசலில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. காபி குடித்தவர்கள் எழுந்துவந்து ஜன்னலோரம் நின்றார்கள். பாஸ்டரும் நின்றார்.

ரஃபத் ஜஹான் கடைசியாக வந்தாள். அழுது அவள் கண் வீங்கியிருந்தது. உட்கார்ந்து தலையில் துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களுக்கு நான் எதுனா சொல்லித் தரணுமாக்கா?"

"ஒண்ணும் வேணாம்."

"சரிக்கா."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. எழுந்தும் போகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அன்னம்மாளின் முகத்தையும் பார்க்காமல், கழுவிய தரை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஒன்று ஊரைக் கடந்து போனது. ஜன்னலில் நின்றவர்களில் சிலர் சலித்துக்கொண்டு விலகினார்கள்.

"இன்னும் இன்னாத்துக்கு உக்காந்திருக்க?" என்றாள் அன்னம்மாள்.

"நீங்க போன்னு சொல்லலியே."

அன்னம்மாள் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு பிள்ளை வாய்க்கும்போது மெர்சி அங்கே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அக்காவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவாள். அதன்பிறகு அன்னம்மாள் "ம், போ, இவ தேறிட்டா" என்பாள். இப்போது அங்கே பிரேம்நாத்தின் மனைவி தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்னம்மாள் திரும்பினாள்.

"நீயும் பாஸ் இல்ல."

ரஃபத் ஜஹான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு வரட்டுமாக்கா?" என்றாள்.

"வா. எல்லாரும் வாங்க. ஒருத்தரும் பாஸ் இல்ல."

முனிரத்தினம் உள்ளே வந்து, சான்றிதழெல்லாம் அச்சாகி வந்துவிட்டது என்று தயங்கிச் சொன்னார். அச்சானால் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் முடியாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றாள். அது எப்போது முடியும் என்று அவர் கேட்டார்.

"நான் சொல்றப்ப."

"மேல கேப்பாங்கம்மா. நான் இன்னான்னு சொல்றது?"

"மெர்சி பயிற்சில அஞ்சாவது நாள முடிக்காம ஒருத்தர்கூட வெளிய போனதில்லன்னு சொல்லுங்க. வேணும்னா அவங்களும் வந்து எம் முன்னாடி உக்காரட்டும்."

முனிரத்தினம் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் பிரேம்நாத் திரும்பவும் பெங்களூர்ப் பேச்சை எடுத்தான். தனியாக எப்படி இருப்பாய் என்றான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

காலையில் பந்தல்காரர் சர்தார் பாஷா மினி லாரியோடு வந்தார். பந்தலின் கட்டுகளை அவிழ்த்தார். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப் போனபோது அன்னம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"பந்தல எடுத்துக்கோங்க பாய். சேரு இருக்கட்டும்."

"காரியம் முடிஞ்சிச்சேம்மா?"

"இல்ல பாய். ஆளுங்க வர்றாங்க."

அவர் துணியைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு போனார். மறைப்பு போனதும் தெருவில் வெயில் விழுந்தது. நாற்காலிகள் நேற்றுப்போல வீட்டு வாசலைப் பார்த்தபடியே கிடந்தன. அன்னம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தெருப்பக்கம் திருப்பிப் போட ஆரம்பித்தாள். பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த பிரேம்நாத் சற்று நேரம் பார்த்தான். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுகோடியிலிருந்து திருப்பினான்.

பஸ் நிற்கும் திருப்பம் அங்கிருந்து தெரிந்தது. அவள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தாள்.