அட்டைக்கு ஒரு பெயர்

"இந்தப் பேர்ல புத்தகம் வராது," என்றாள் அக்கா. நாவலின் முதல் தாளை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தாள். தாளில் 'ஞாயிற்றுக்கிழமை மகள்' என்று இருந்தது. பதிப்பகம் அக்காவுடையது, நாவல் தங்கையுடையது. வேறு எந்தப் பதிப்பகமும் தங்கையைச் சீந்தவில்லை.

"என்னைத்தானே குத்திக் காட்டுற?"

"அது வெறும் கதை, அக்கா. படிச்சுப் பாரு."

"படிக்க வேற செய்யணுமா? அம்மா படுக்கையில கிடந்தப்ப நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வந்தேன். அதை அட்டையில போட்டுத் தம்பட்டம் அடிக்கணுமா? 'தாயின் நிழல்'னு மாத்து. இல்லேன்னா நடையைக் கட்டு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். ஒன்பது வருடம் அம்மாவுக்கு மலம் அள்ளியதும் படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்ததும் தங்கை. வாரம் ஒருமுறை ஆப்பிள் பையோடு வந்து, நாற்காலி நுனியில் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனவள் அக்கா.

தாயின் நிழலாம்! மருந்துக்கடைக் காலண்டருக்கு வைக்கிற பெயர். நாவலின் உயிரே அந்தப் பழைய தலைப்பில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் தங்கை சரியென்று தலையை ஆட்டினாள்.

அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பிரதி திருத்த வந்தது. பக்கம் வடிவமைப்பவர் அட்டையிலும் முதல் ஏட்டிலும் பெயரை மாற்றியிருந்தார். ஒவ்வொரு இடதுபக்கத்தின் தலையிலும் சின்ன எழுத்தில் நாவலின் பெயர் வருமே, அதை மறந்துவிட்டார். அங்கே பழைய பெயரே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தங்கை பார்த்தாள். மூன்று எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா அட்டையைப் பார்த்தாள், முதல் ஏட்டைப் பார்த்தாள், உள்ளே புரட்டாமலே கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் போர்வையையும் அவள் ஒருநாளும் விலக்கிப் பார்த்ததில்லை.

புத்தகக் கட்டுகள் வந்த அன்று தங்கையே ஒரு பிரதியைப் பிரித்து அக்கா முன்னால் போட்டாள். பக்கத்தின் தலையைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"வேணும்னே பண்ணியிருக்கே!"

"ஆமா. ஒரு பக்கம் புரட்டியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"பாவி! அத்தனையையும் கிழிச்சுப் போடுறேன் பாரு!"

"போடு. முதல்ல இந்த விரிச்ச பக்கத்தைப் படி."

அக்கா வெறியோடு சத்தமாகவே படித்தாள். "'சனிக்கிழமை சாயங்காலமே அம்மா கண்ணால் சீப்பைக் காட்டுவாள். வாரம் முழுக்கத் துடைத்துவிட்டவளைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவள், மறுநாள் வாசலில் மூத்தவளின் செருப்புச் சத்தம் கேட்டதும்...'"

மீதி வரியை அக்கா வாய்க்குள்ளேயே படித்தாள்.

"என்னைத் திட்டி எழுதலையா?"

"திட்டத்தான் உக்காந்தேன். பொறாமைதான் வந்துச்சு. ஆறு நாளும் அம்மா உனக்காகத்தான் காத்துக் கிடந்தாங்க. நீ வந்து கடிகாரத்தைப் பார்த்தே."

"வெளிய போடி," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.