முன்னே அயச்சு, பின்னே முறுக்கு

1.

பாறசாலையில் ஒரு பெண் பஸ்ஸைச் சுற்றி ஓடியதைப் பார்த்த அன்று பிறந்த கதை இது. அவள் மட்டும் நிஜம். காரையும் ரெத்தினதாஸையும் நான்தான் சேர்த்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை வளைவில் மரணம்...' வேண்டாம். முன்பக்கம் ரொம்ப விறைப்பு. விறைத்தால் கதையும் காரைப்போல வளைவில் திரும்பாமல் நேரே போய்விடும்.

2.

1996. அமரவிளையில் ரெத்தினதாஸுக்கு ஒரு ஒர்க்‌ஷாப். பூவார் ஷிஜினின் ரேஸ் கார் அவன் கையில் இருந்தது. ஞாயிறு பதினொரு மணிக்குப் பொன்முடியில் கார் மலையேற்றப் போட்டி. நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர், ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. அயச்சால், அதாவது தளர்த்தினால், மென்மை, முறுக்கினால் விறைப்பு. முன்னும் பின்னும் ஒத்துப்போனால்தான் வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சனிக்கிழமை ஷிஜின் மலையடிவார டீக்கடையிலிருந்து போன் செய்தான்.

"ஆசானே, முன்னே முழுசா அயச்சு, பின்னே எட்டு முறுக்கு. மறக்கப்பிடாது, கேட்டியளா."

"நீ சும்மா இரி மக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

முன்சக்கரத் திருகுகளை முழுதாகத் தளர்த்தினான். பின்சக்கரங்களில் எட்டு முறை முறுக்கினான். இத்தனை வித்தியாசமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓட்டுகிறவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டான். விடிந்ததும் காரை லாரியில் ஏற்றி அனுப்பினான்.

(ஒரு பிரதியில் ரெத்தினதாஸைத் திரும்பப் போன் செய்து கேட்க வைத்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.)

3.

ஞாயிறு காலை பத்தரைக்கு, வீட்டுக்குப் போகப் பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றான். வந்த பஸ்ஸின் முன்வாசலில் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"முன்னே எறங்ஙட்டே, பின்னே கேறாம்."

வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கூடையோடு பின்வாசலுக்கு ஓடினாள். "எங்கோட்டா ஓடுந்நது?" என்றார் கண்டக்டர்.

"நீருதானய்யா பின்னே ஏறச் சொன்னீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ரெத்தினதாஸும் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

கண்டக்டரின் மலையாளத்தில் முன்னே என்றால் முதலில். பின்னே என்றால் அப்புறம். ஷிஜினும் நாலு திருகையும் முதலில் தளர்த்தி, அப்புறம் எட்டெட்டாக முறுக்கத்தான் சொல்லியிருக்கிறான். ரெத்தினதாஸுக்கு மலையாளம் தெரியாதா என்ன? வீட்டில் பாதிப் பேச்சு அதுதான். ஆனால் கார் பக்கத்தில் நின்றால் அவனுக்கு முன்னே, பின்னே எல்லாம் சக்கரம்தான்.

முன் தொய்ந்து பின் விறைத்த கார் ஈர வளைவில் வாலை வீசும். பொன்முடியில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரே இருந்த போன் பூத்துக்கு ஓடினான்.

4.

முடிவு ஒன்று: மழையால் போட்டி தள்ளிப்போகிறது. (இது என் கோழைத்தனம்.)

முடிவு இரண்டு: மூன்றாவது வளைவில் ஷிஜின்... முடியவில்லை. அவன் மனைவி லிஜியை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அடிவார டீக்கடையில் போனை எடுத்தவள் அவள்தான். மணி பத்து ஐம்பது.

"ஆசானே, சேட்டன் ஹெல்மெட் போட்டாச்சு. என்ன சொல்லணும்? ஓடிப்போய்ச் சொல்லுதேன்."

"மக்கா லிஜி, முன்னே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். வேறு சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

வண்டியை எடுக்க வேண்டாம் என்றால் போதுமே என்கிறீர்களா? அவனுக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றிவிட்டது. அப்படியானால் நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம். லிஜி கேட்கிறாள்:

"பின்னே?"