சரிதா பாயின்ட்டைக் கழற்றிய ஞாயிறு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு பஸ் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஜூலை மழையில், மரப்பாலம் அருகே, பானெட் திறந்த ஒரு பழைய பத்மினி கார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்த பெண். பின் சீட்டில் சால்வை போர்த்திய ஓர் அம்மாள். பஸ் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. பிற்பாடு விசாரித்துப் போய்ப் பார்த்தேன். பெயர் சரிதா. பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்.

2

'மூடுபனி மலையைத் தழுவியிருந்த ஒரு காலையில் சரிதா'

இல்லை. அன்று அவளுக்கு மலை கண்ணில் படவில்லை. கடிகாரம்தான் பட்டது. அவள் அம்மாவுக்கு, பெயர் சின்னம்மை, வாரம் இரண்டு முறை கூடலூரில் டயாலிசிஸ். ஏழு மணிக்கு மெஷின். தாமதித்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்று போய்விட்டது. அடுத்த இரண்டு நாளும் சின்னம்மை படுக்க முடியாமல், மூச்சு வாங்க உட்கார்ந்தே கிடந்தாள்.

(காரணம் பாயின்ட். எஞ்சினுக்குத் தீப்பொறி கிடைக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஓயாமல் திறந்து மூடும் சின்ன உலோகத் துண்டு. கரியும் ஈரமும் சேர்ந்தால் வண்டி படுத்துவிடும். பந்தலூரில் ஈரம் இல்லாத மாதம் எது?)

3

பாயின்ட்டை எடுத்துவிட்டு, தேய்மானம் இல்லாத எலக்ட்ரானிக் சென்சார் போடச் சொல்லிக் கேட்டாள் சரிதா. மறுத்த மெக்கானிக் ஆறுக்குட்டியைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஏனுங்க, பாயின்ட்டுன்னா நடுரோட்டுல தேச்சு விட்டுக்கலாம். எலக்ட்ரானிக் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"தேய்க்கிற நேரத்துல அம்மாவோட மெஷின் போயிடுதுங்களே," என்றாள் சரிதா.

அவர் கை வைக்க மறுத்தார். அவளே அந்த எலக்ட்ரானிக் கிட்டை வரவழைத்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் வயர்களும் ஈரம் குடிக்கும் என்று படித்ததால் அவற்றையும் புதிதாக வாங்கினாள்.

4

ஞாயிற்றுக்கிழமை. தனியாக இருக்க மாட்டேன் என்று சின்னம்மையும் காரில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மடியில் எவர்சில்வர் தட்டு. கழற்றியதையெல்லாம் அதில் வாங்கி வைத்தாள். சரிதா ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்தாள். பாயின்ட்டும் கண்டன்சரும் வெளியே வந்தன. அந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்தது. சிவப்பு வயர் எது, கறுப்பு எது என்று மூன்று முறை பார்த்து, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலில் மாட்டினாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும்.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை என்றாள். எடுத்துவிட்டேன்.]

போனை எடுத்து முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள். ஆறாவது படத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"புள்ள, இது ஒண்ணு தட்டுல மிச்சமா கெடக்கே. வேணாமா?"

ரோட்டர். தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் துண்டு. அதை மாட்டாமலே மூடியைப் போட்டிருக்கிறாள். மாட்டினாள். ஒரே திருப்பில் வண்டி பிடித்தது. சின்னம்மை தட்டைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று விரலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

5

செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழை. ஆறே முக்காலுக்குக் கூடலூர்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது, நாடுகாணிப் பிரிவில், ஒரு ரோடு ஊருக்கும் மற்றொன்று கேரளாவுக்கு இறங்கும் நிலம்பூர் மலைப்பாதைக்கும் போகிற இடத்தில், வாடிக் கிடந்த சின்னம்மை வாயைத் திறந்திருக்கிறாள்.

"சிலோன்லருந்து கப்பல்ல வந்தப்ப கடலப் பாத்தது. அப்ப பன்னெண்டு வயசு. இந்த ரோடு கோழிக்கோட்டுக்குத்தானே போகுது?"

சரிதா வண்டியை ஓரம் கட்டினாள். ஊசி குத்திய கை. களைத்த முகம். கீழே நூறு கிலோமீட்டர். அடுத்த மெஷின் வெள்ளிக்கிழமை.

என்ன செய்தாள் என்று எனக்குச் சொல்லிவிட்டாள். நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவனுக்கு அந்த உரிமை இல்லை. ஸ்டியரிங்கில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.